கரையில் நிற்கும் பாய்ப்படகு



கடலிலே பாய் விரித்துச் செல்லும் படகைக் கண்டு மகிழாதார் இல்லை. புலவர் அதனைப் பாடினர்; ஓவியர் அதனைத் தீட்டினர். ஆயின், அதே படகு பாயைக் களைந்து, பாய்மரத்தை இறக்கி, மணற்கரையிலே சில மரக்குற்றிகளின் மேல் நிற்கும்போது அதனைத் திரும்பிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஒவ்வொரு படகும் தன் வாழ்நாளின் ஒரு பகுதியைத் தரையிலே கழிக்கின்றது. வாடைக்காற்று வீசும் மாரி காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும், தென்மேற்குப் பருவக்காற்றுக் கடலைக் கலக்கும் மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும், படகுகள் கரையேற்றப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அவ்வாறு கரையேற்றிய படகை எங்ஙனம் நிறுத்துவது, எங்ஙனம் தாங்குவது, எங்ஙனம் பேணுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கலைத்துறையிலே பட்டம் பெற்ற ஓர் ஆசிரியன் ஓடாவிமாரின் தொழிலைப் பற்றிப் பேசப் புகுந்தது ஏன் என்று சிலர் வினவக்கூடும். கரையோரப் பாடசாலைகளிலே பல ஆண்டுகள் கடமையாற்றியவன் நான். அக்கிராமங்களிலே ஓரிடம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தமானது. அது பாடசாலை அன்று. கரையிலே நிற்கும் படகின் நிழல். அங்கேதான் சிறுவர் சோகி எறிந்து விளையாடுவர். வலை பொத்துவோர் அங்கேதான் அமர்வர். உச்சி வெயிலிலே முதியவர்கள் துவாயை விரித்து உறங்குவதும் அங்கேதான். தொன் கணக்கான நிறையின் அடியிலே இத்தனை பேர் கவலையின்றி இருக்கின்றனர். ஆகவே அந்நிறையை எது தாங்கி நிற்கின்றது என்று அறிந்துகொள்வது ஓடாவிக்கு மாத்திரம் உரிய காரியம் என்று நான் கருதவில்லை.

முதலிலே ஓர் எளிய உண்மையை மனத்திற் கொள்வோம். நீரிலே மிதக்கும் படகை நீரே தாங்குகின்றது. அது ஓரிடத்தில் முட்டுக் கொடுத்துத் தாங்குவதில்லை. நீரைத் தொடும் பலகை முழுவதையும், ஓரங்குல இடமும் விடாது, ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தோடு தாங்குகின்றது. ஒரு குழந்தையைத் தாய் இரு கைகளாலும் மடியாலும் மார்பாலும் ஏந்துவது போன்றது அது. படகைக் கரையேற்றியவுடன் அந்தத் தாங்கல் முழுவதும் நீங்கிவிடுகின்றது. இனி நாம் எங்கே கட்டை வைக்கின்றோமோ அங்கே மாத்திரமே தாங்கல் உண்டு. கடல் ஆயிரம் இடங்களிலே செய்த வேலையை நாம் ஐந்தாறு இடங்களிலே செய்ய முயல்கின்றோம். அந்த ஐந்தாறு இடங்கள் எவை என்பதிலேதான் விடயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

படகின் உறுப்புக்களிலே நிறையைச் சுமப்பதற்கென்றே அமைந்தது ஏரா. அடியிலே அணியத்திலிருந்து பிற்பக்கம் வரை நீண்டு செல்லும் அந்தத் தடித்த மரத்தை ஏராக்கட்டை என்றும் சொல்வர். படகு கட்டும்போது முதலிலே கிடத்தப்படுவது அதுவே. அதன்மேல் வங்குக்கால்கள் எழுகின்றன. வங்குக்கால்களின் மேல் பலகை தைக்கப்படுகின்றது. மனித உடலோடு ஒப்பிட்டால் ஏரா முதுகெலும்பு; வங்குகள் விலா எலும்புகள்; பலகையோ தோல். தோலிலே ஊன்றி ஒருவரைத் தூக்கி நிறுத்த முடியுமா? கரையிலே படகின் நிறை முழுவதும், அல்லது முழுவதற்கும் அண்மித்த பங்கு, ஏராவின் மேலேயே இறங்க வேண்டும். பக்கங்களிலே நாம் கொடுக்கும் முட்டுக்கால்கள் படகு சாய்ந்துவிடாதபடி தடுப்பதற்கு மாத்திரமே உரியன. இந்த ஒரு செய்தியை நேயர்கள் நினைவிற் கொண்டால் நான் மேலே சொல்லப்போவன யாவும் தாமாகவே விளங்கும்.

கரையோரங்களிலே நாம் காணும் பிழைகளிற் பெரும்பாலானவை இந்தச் செய்தியை மறப்பதால் விளைபவையே. ஏராவின் கீழே இரண்டு கட்டைகளை வைத்துவிட்டு, பக்கத்து முட்டுக்கால்களை ஆப்பறைந்து இறுக்கிக்கொண்டே போவார்கள். இறுக இறுகப் படகு உறுதியாக நிற்கின்றது என்ற எண்ணம் உண்டாகும். உண்மையிலே நடப்பது வேறு. ஆப்பு இறுகும்போது படகு சிறிது மேலெழுகின்றது. ஏராவிலே இருந்த பாரம் முட்டுக்காலுக்கு மாறுகின்றது. முட்டுக்காலின் தலை தொடும் அந்த ஒரு சாண் இடத்திலே பலகை உள்ளே அமுங்கத் தொடங்குகின்றது. மரப்படகானால் பலகையின் பொருத்து விரியும். கண்ணாடியிழைப் படகானால் அவ்விடம் குழிந்து, சில மாதங்களின் பின்னர் மயிரிழை போன்ற வெடிப்புக்களைக் காட்டும். அனுபவமுள்ள ஓடாவியார் முட்டுக்காலைப் பொருத்தியபின் கையால் தட்டிப் பார்ப்பார். அது ஆடவும் கூடாது. பாரத்தால் முனகவும் கூடாது. படகைத் தொட்டு நின்றால் போதும்.

முட்டுக்காலை எவ்விடத்திலே வைப்பது? பலகையின் பின்னே வங்குக்கால் ஓடும் இடத்திலே, அல்லது படகின் உள்ளே குறுக்குத் தடுப்பு அமைந்துள்ள இடத்திலே வைக்க வேண்டும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. மரப்படகிலே ஆணி வரிசைகள் வங்கின் இடத்தைக் காட்டிவிடும். கண்ணாடியிழைப் படகிலே ஒருவர் உள்ளிருந்து தட்ட, மற்றவர் வெளியே காது கொடுத்துக் கேட்க வேண்டும். வெற்றிடமானால் பறை போல ஒலிக்கும். பின்பலம் உள்ள இடத்திலே ஒலி அடங்கும். சிறு படகுக்குப் பக்கத்துக்கு இரண்டு முட்டுக்கால்களும் அணியத்தின் கீழே ஒன்றும் என ஐந்தாவது வேண்டும். படகு நீள நீள எண்ணிக்கையும் கூடும். முட்டுக்காலுக்கும் படகுக்கும் இடையிலே சாக்கு மடிப்பையோ, பழைய சக்கரத்தின் றப்பர்த் துண்டையோ வைத்தால் பலகை காயப்படாது.

இனி, ஒரு பக்கத்து முட்டுக்காலும் மறுபக்கத்து முட்டுக்காலும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்க வேண்டும் என்பது மாத்திரம் போதாது. அவை இரண்டின் கால்களையும் ஏராவின் அடியால் ஒரு சங்கிலி கொண்டு பிணைப்பது நன்று. முட்டுக்கால் சாய்வாக நிற்பதால், படகின் பாரம் சிறிது அதன்மேல் வந்தாலும் அதன் அடி வெளியே வழுக்க முயலும். இரண்டையும் பிணைத்துவிட்டால் ஒன்று வழுக்குவதை மற்றது தடுத்துவிடும். காலித் துறைமுகத்துக்கு வருவன போன்ற வெளிநாட்டுப் பாய்ப்படகுகளைக் கரையேற்றும்போது திருகினால் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய இரும்பு முக்காலிகளைத் தாங்கியாகப் பயன்படுத்துவர். அவற்றிலே சங்கிலி கோத்தற்கென்றே கொளுவிகள் உண்டு. மரத்தூணை முட்டாகக் கொடுக்கும் எமது கரைகளிலே அந்தச் சங்கிலியைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. சில நூறு ரூபா பெறுமதியான ஒரு கயிறாவது அவ்விடத்திலே இருக்கலாமே என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அந்த வெளிநாட்டுப் படகுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எமது வள்ளங்களின் ஏரா தாழ்வானது. முட்டு விலகினாலும் வள்ளம் வயிற்றின் ஒரு பக்கத்திலே சாய்ந்து கிடக்கும். ஆழ்கடலில் ஓடும் பாய்ப்படகோ, காற்றின் உந்துதலுக்குச் சாயாதிருக்கும்பொருட்டு, ஈயத்தாலோ இரும்பாலோ வார்த்த ஆழ்ந்த ஏராவைத் தன் வயிற்றின் கீழே தொங்கவிட்டிருக்கும். முப்பது அடி நீளமான அத்தகைய படகு நான்கைந்து தொன் நிறையுடையதாகலாம். தரையிலே அது ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கைப் போல நிற்கின்றது. கொக்குக்குத் தன்னைச் சமன் செய்யத் தெரியும். படகுக்கு அது தெரியாது.

நிலத்தைப் பற்றிப் பலரும் கவனம் கொள்வதில்லை. கட்டைகளை எவ்வளவு திறமையாக அடுக்கினாலும் அவற்றின் கீழே இருப்பது மணல். கோடையிலே இறுகிக் கிடக்கும் மணல் மாரி மழையிலே இளகும். கூரையிலிருந்து வடியும் நீர் ஒரு பக்கத்துக் கட்டையின் அடியை அரித்துச் செல்லும். ஆகவே கட்டைக்குக் கீழே அகன்ற பலகையை முதலிலே பரப்ப வேண்டும். பாரம் அகன்ற இடத்திலே பரவினால் மணல் தாங்கும். குறுகிய இடத்திலே குவிந்தால் அமிழும். சேற்று வயலிலே நடப்பவர் வரம்பைத் தேடுவதும் இதே காரணத்தாலேயே. ஏராவின் கீழே அடுக்கும் கட்டைகள் கனமான மரமாக இருப்பது நன்று. ஓரடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் வைத்தால் புரளாது. துளையுள்ள சீமெந்துக் கற்களைச் சிலர் வைக்கின்றனர். வீடு கட்டுவதற்கு அவை உகந்தன. படகின் கீழே உகந்தனவல்ல. மரம் நொறுங்குமுன் நெரிந்து முனகி எச்சரிக்கை தரும். சீமெந்துக் கல்லோ ஓசையின்றி நின்று, ஒரு கணத்திலே தூளாகிவிடும்.

மழைக்குப் பின்னர் ஒவ்வொரு முறையும் படகைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். எந்த முட்டு தளர்ந்திருக்கின்றது, எந்தக் கட்டை புதைந்திருக்கின்றது என்று பார்த்து, ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதன் அருகே வேறொன்றை நாட்டியபின்னரே முதலாவதை எடுக்க வேண்டும். வர்ணம் பூசும்போது முட்டு மறைக்கும் இடத்துக்கும் பூச வேண்டுமே என்று அதனை ஒரு நிமிடம் எடுப்போரை நான் கண்டிருக்கின்றேன். அந்த ஒரு நிமிடத்திலே படகு காத்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் கற்ற மாணவர் அறிந்த கணக்கு. பாய்மரம் நிமிர்ந்து நிற்கும் படகு, பாய் இல்லாவிட்டாலும், காற்றுக்கு ஒரு நெம்புகோலைக் கையளித்துவிட்டே நிற்கின்றது. மரத்தின் உச்சியிலே சிறிது காற்றுத் தள்ளினாலும் அதன் விளைவு அடியிலுள்ள முட்டுக்காலிலே பன்மடங்காகத் தெரியும். நீண்ட காலத்துக்குக் கரையேற்றுவதாயின் பாய்மரத்தை இறக்கி, இரண்டுக்கு மேற்பட்ட இடங்களிலே தாங்கல் கொடுத்துக் கிடத்திவிடுவதே முறை. பாயை மரத்தோடு சுற்றி விட்டுச் செல்வது சோம்பலின் அடையாளம். இரவுக் காற்று அதன் ஒரு மூலையை அவிழ்த்துவிட்டால், கரையிலே நிற்கும் படகு ஓடத் தொடங்கும்!

மூடுபாயைப் பற்றி நான் நேரிலே கண்ட ஒன்றைச் சொல்லுகின்றேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் முன்னர் மேற்குக் கரையிலே ஒரு சிற்றூர்ப் பாடசாலையில் இளம் ஆசிரியனாக இருந்தேன். பாடசாலை வேலிக்கு அப்பால் பழைய பாய்வள்ளம் ஒன்று பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. உரிமையாளர் கவனமானவர். ஏராவின் கீழே நல்ல பாலைமரக் கட்டைகள். இருபுறமும் ஆறு முட்டுக்கால்கள். வெயில் பட்டுப் பலகை வெடிக்காதிருக்க ஒரு பெரிய தறப்பாளை மேலே விரித்து, அதன் கயிறுகளைக் கைக்கு எட்டிய இடத்திலே, அதாவது அந்த முட்டுக்கால்களிலேயே, கட்டியிருந்தார். இடைவேளையிலே எங்கள் பிள்ளைகள் அந்த நிழலிலேதான் உணவு உண்பது வழக்கம். அன்று மணி அடித்துப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்து அமர்ந்து, நான் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தேன். கடலிலிருந்து ஒரு காற்று எழுந்தது. தறப்பாள் படபடவென்று அடித்துக்கொண்டது. பின்னர் ஒரு பெரும் ஓசை.

நாங்கள் ஓடிச் சென்று பார்த்தபோது வள்ளம் பக்கமாகப் புரண்டு கிடந்தது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி அதன் கீழே இருந்தது. ஊரின் மூத்த ஓடாவியார் வந்து பார்த்துவிட்டு, கட்டைகளை அவர் ஒரு கணமும் நோக்கவில்லை. தறப்பாளின் கயிற்றைப் பிடித்துக் காட்டினார். கயிற்றின் மறுமுனையிலே முட்டுக்கால் கட்டப்பட்டபடியே கிடந்தது. காற்று வள்ளத்தைத் தள்ளி விழுத்தவில்லை. காற்றுத் தறப்பாளை இழுத்தது. தறப்பாள் முட்டுக்காலைப் பிடுங்கியது. முட்டை இழந்த வள்ளம் தானாக விழுந்தது. மூடுபாயின் கயிறு படகின் அடியால் சென்று மறுபக்கத்துக் கயிற்றோடு இணைய வேண்டும். அல்லது நிலத்திலே தனியாக அறைந்த முளையிலே கட்டப்பட வேண்டும். ஒருபோதும் முட்டுக்காலிலே கட்டப்படலாகாது. அன்று தொடக்கம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் படகின் கீழே அமர்ந்து உண்பதை அதிபர் தடைசெய்தார். அத்தடை இரண்டு வாரம் வரை நீடித்தது. நிழலுக்குப் பிள்ளைகள் வேறெங்கே போவார்கள்?

காற்றைப் போலவே மழைநீரும் கவனிக்கற்பாலது. கடலிலே வெளிநீரைப் புகவிடாது காக்கும் படகு, கரையிலே உள்நீரை வெளியே விடாது காத்துவிடும். ஆறு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உள்ள திறந்த வள்ளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வாய் இரு முனைகளிலும் ஒடுங்குவதால் ஏறத்தாழ ஆறு சதுர மீற்றர் பரப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் இரவிலே பத்துச் சென்ரிமீற்றர் மழை பெய்தால் உள்ளே சேரும் நீரின் நிறை அறுநூறு கிலோகிராம். இரவு படுக்கைக்குச் செல்லும்போது இல்லாத அறுநூறு கிலோகிராம் விடியும்போது படகினுள்ளே இருக்கின்றது! அதுவும் சும்மா இருப்பதில்லை. படகு சிறிது சாய்ந்தால் சாய்ந்த பக்கத்துக்கே ஓடிச் சாய்வைக் கூட்டுகின்றது. ஆகவே அடித்துவாரத்தின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். அத்துவாரம் பிற்பக்கத்திலே இருப்பின் அணியத்தைச் சிறிது உயர்த்தி வைக்க வேண்டும். கழற்றிய மூடியைச் சுக்கானிலோ வேறு தவறாத இடத்திலோ கட்டித் தொங்கவிடுவது முன்னோர் வழக்கம். கடலில் இறக்கும் நாளிலே அதனைத் தேடி வீடு முழுவதும் அலைவது பின்னோர் வழக்கம்.

படகின் நீளவாட்டிலே தாங்கல் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதும் எளிய காரியம் அன்று. ஏராவின் இரு முனைகளிலே மாத்திரம் கட்டை வைத்தால் நடு தொய்யும். நடுவிலே மாத்திரம் வைத்தால் அணியமும் பிற்பக்கமும் தாழ்ந்து முதுகு கூன் விழும். ஒரு வாரத்திலே இது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பருவம் கழிந்து படகை நீரில் இறக்கும்போது பொருத்துக்கள் விட்டு நீர் கசியும். சுக்கான் தன் கொளுவியிலே இறுகித் திரும்ப மறுக்கும். நூலொன்றை அணியத்திலிருந்து பிற்பக்கம் வரை இழுத்துக் கட்டி, நடுவிலே அது எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்று கரையேற்றிய அன்றே குறித்து வைத்தால், மாதமொரு முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். செலவில்லாத உபாயம் இது.

எமது சிறு வள்ளத்துக்கு மாத்திரம் நேரும் துன்பம் இது என்று நினைக்க வேண்டாம். உலகிலே பெயர் பெற்ற பாய்க்கப்பல்கள் சில இன்று தரையிலேயே நிற்கின்றன. அவற்றைக் காப்போர் செல்வமும் விஞ்ஞானமும் உடையவர். எனினும் அவர்களின் தலைவலியும் எங்கள் ஓடாவியாரின் தலைவலியும் ஒன்றே. 1765 ஆம் ஆண்டிலே நீரில் இறக்கப்பட்டு, 1805 ஆம் ஆண்டு திரபல்கார்ப் போரிலே நெல்சன் பிரபு செலுத்திச் சென்ற விக்ரறி என்னும் கப்பல், 1922 ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரிலே உலர் துறையில் நிற்கின்றது. ஏறத்தாழ 3500 தொன் நிறையுடைய அக்கப்பலை உருக்குத் தொட்டில்கள் பல்லாண்டு தாங்கின. தொட்டில் தொட்ட இடங்களிலே பாரம் குவிந்தது. தொடாத இடங்களிலே உடல் தொய்ந்தது. கப்பல் ஆண்டுக்கு அரைச் சென்ரிமீற்றர் அளவிலே தன் பாரத்தால் தானே அமுங்கி அசைகின்றது என்பதை நுண்ணிய அளவைகள் காட்டின. 2020 ஆம் ஆண்டளவிலே 134 உருக்கு முட்டுக்கால்கள் அதற்குப் பொருத்தி முடிக்கப்பட்டன. ஒவ்வொன்றினுள்ளும் தான் எவ்வளவு பாரம் சுமக்கின்றது என்பதைச் சொல்லும் கருவி உண்டு. எது கூடச் சுமக்கின்றதோ அதனைத் தளர்த்தலாம், எது குறையச் சுமக்கின்றதோ அதனை உயர்த்தலாம். கடல் அக்கப்பலை எவ்வாறு ஏந்தியதோ அவ்வாறே ஏந்த வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். எங்கள் ஓடாவியார் முட்டுக்காலைக் கையால் தட்டிப் பார்க்கின்றாரே, அதையே அந்தக் கருவியும் செய்கின்றது.

சுவீடன் நாட்டின் வாசா என்னும் கப்பல் 1628 ஆம் ஆண்டிலே தன் முதற் பயணத்திலேயே ஸ்ரொக்ஹோம் துறையில் மூழ்கியது. 333 ஆண்டுகளின் பின்னர், 1961 ஆம் ஆண்டிலே, மேலே எடுக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டு நீருக்கடியிலே கிடந்தபோது சிதையாத உருவம், கரையேறிய பின்னர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவிலே மாறி வருகின்றது. 2024 ஆம் ஆண்டிலே அதற்கும் புதிய தாங்கல் அமைக்கும் பணி தொடங்கப்பட்டது. இலண்டன் கிறீன்விச்சிலுள்ள கட்டி சார்க் என்னும் தேயிலைக் கப்பலை, 2007 ஆம் ஆண்டுத் தீ விபத்தின் பின்னர், ஏறத்தாழ மூன்று மீற்றர் உயர்த்தி, ஏரா நிலத்தைத் தொடாதபடி உருக்குச் சட்டங்களிலே ஏந்தி, 2012 ஆம் ஆண்டிலே மக்கள் பார்வைக்கு விட்டனர். பார்வையாளர் இன்று அதன் அடியிலே உலாவுகின்றனர். அது கப்பலின் உருவத்தைக் காக்குமா கெடுக்குமா என்று அந்நாட்டிலே பெரும் வாதம் நிகழ்ந்தது. பொறியியலாளர் கூட்டமொன்று அருகே இருக்குமாயின் அத்தகைய துணிவு பொருந்தலாம். எமது கரைகளிலே ஏரா கட்டையின்மேல் இருக்கட்டும்.

எமது கரைகளுக்கு இவ்வித்தை புதியதன்று. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொசெஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றைப் பலர் பெருமையோடு பேசுகின்றோம். பேசும்போது அது ஓடிய கடல்களையே நினைக்கின்றோம். ஏராவைக் கிடத்திய நாள் முதல் நீரில் இறக்கிய நாள் வரை அக்கப்பலும் கரையிலே முட்டுக்கால்களின் நடுவே நின்றதுதான். நாளுக்கு நாள் பலகை ஏற ஏற நிறை கூடும் ஒரு கப்பலை நேராக நிறுத்திவைத்தவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதாக நான் அறியேன்.

சிறிய படகுகளுக்கு வேறு முறைகள் உண்டு. கட்டுமரம் ஓட்டுவோர் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே பிரித்து உலரவிடுவர். நீரை உறிஞ்சும் இலேசான மரம் ஆதலால் உலராவிட்டால் மிதப்புக் குன்றும். தாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாதபடி படகையே கலைத்துவிடுவது எத்துணை எளிய தீர்வு! நீர்கொழும்புக் கரையிலே சிங்கள மக்கள் ஒருவ என்று வழங்கும் பாய்த்தோணி, பக்கத்திலே மிதவைக்கட்டை உடையதாகையால், தரையிலும் எளிதிற் புரளாது. பந்தயத்துக்கு ஓடும் இலேசான பாய்ப்படகைத் தள்ளுவண்டியிலே, அதன் வயிற்றின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய தாங்கியிலே அமர்த்துவர். மற்றைய சிறு படகுகளைக் கவிழ்த்து வைப்பதே சிறந்தது. கவிழ்த்தபின் விளிம்பு மணலைத் தொடாதபடி இரண்டு குறுக்கு மரங்களிலே தூக்கி வைக்க வேண்டும். கறையானுக்குப் படகும் வேலிக் கதியாலும் ஒன்றுதான். கவிழ்த்த படகின் மேலேயும் கயிறு போட்டு இருபுறமும் கட்ட வேண்டும். 1964 ஆம் ஆண்டு டிசெம்பரிலே மன்னார்ப் பகுதியையும் தனுஷ்கோடியையும், 1978 ஆம் ஆண்டு நவம்பரிலே மட்டக்களப்பையும் தாக்கிய சூறாவளிகளை நினைவில் வைத்திருப்போர் இதனைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மணலிலே முளை நிற்காது என்போர், ஒரு பனங்குற்றியைக் குறுக்காகக் கிடத்தி, நடுவிலே கயிற்றைக் கட்டி, மூன்று நான்கு அடி ஆழத்திலே புதைத்துவிடலாம். அதனைப் பிடுங்குவதற்கு அதன் மேலுள்ள மணல் முழுவதையும் தூக்க வேண்டும்.

மரப்படகுக்கு வெயில் பகையாவது போலவே காற்றோட்டமின்மையும் பகை. போர்க்காலத்திலே கடலுக்குச் செல்லத் தடையிருந்த ஆண்டுகளில், வடக்குக் கரையிலே எத்தனையோ வள்ளங்கள் ஏற்றிய இடத்திலேயே கிடந்தன. குண்டு படாத வள்ளங்களும் உலர்ந்து, பலகை சுருங்கி, பொருத்துக்களுக்கிடையே வெளிச்சம் தெரியும் நிலையை அடைந்தன. படகைக் கடலிலிருந்து நெடுங்காலம் பிரித்து வைப்பது மீனைப் பிரித்து வைப்பது போன்றதே. பிளாஸ்ரிக் தறப்பாளை இறுக மூடினால் உள்ளே வெப்பமும் ஈரமும் அடைபட்டு உக்கல் தொடங்கும். கிடுகு வேய்ந்த பந்தலுக்கு இன்றுவரை இணை இல்லை. வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். அதன் தூண்கள் படகைத் தொடாது தனியே நிற்க வேண்டும் என்பதை நான் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

பருவம் மாறிக் கடல் அடங்கியதும் படகை இறக்கும் நாள் வரும். உள்ளேயுள்ள பொருள்கள் யாவற்றையும் முதலில் வெளியே எடுத்து, அடித்துவார மூடியைப் பொருத்தி, பொருத்துக்களிலே பஞ்சு விட்ட இடங்களைப் புதிதாகக் கலப்பற்றி, அதன்பின்னரே முட்டுக்களிலே கை வைக்க வேண்டும். உருளைகள் ஏராவின் கீழே இடம் பிடித்து, இருபுறமும் ஆட்கள் தோள் கொடுத்து நின்றபின், முட்டுக்கள் பக்கத்துக்கு ஒன்றாக, எதிரெதிராக நீக்கப்பட வேண்டும். படகின் முன்னேயும் கீழேயும் சிறுவர் நிற்கலாகாது. அன்று பாடசாலைக்கு வராத பிள்ளைகளை எங்கே தேடலாம் என்பது எல்லா அதிபர்களுக்கும் தெரியும். நீரைத் தொட்ட மரப்படகை உடனே கடலுக்குக் கொண்டு செல்வதும் முறையன்று. முழங்கால் நீரிலே ஓரிரவு கட்டி விட வேண்டும். நீர் கசியும், கசியட்டும். பலகை நீரைக் குடித்து ஊதி, பொருத்துக்கள் ஒன்றோடொன்று நெருங்கும். விடியற்காலையிலே உள்ளே நின்ற நீரை இறைத்துவிட்டு, ஒரு நாழிகை பொறுத்து, மீண்டும் எவ்வளவு ஊறியிருக்கின்றது என்று பார்க்க வேண்டும். கை கொள்ளும் அளவாகக் குறைந்திருந்தால் பாய்மரத்தை நாட்டலாம்.